கால் குளிசையும் ஐந்து சம்மதமும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாரி மழை ஓய்ந்து வெயில் திரும்பத் தொடங்கிய நாட்களில், கல்முனையில் பிரதான வீதியை ஒட்டிய ஒரு பாமசியில் இது நடந்தது. காலை பத்து மணி இருக்கும். நான் அங்கே மருந்து வாங்கப் போகவில்லை. பெருமையடிக்கத்தான் போனேன்.

என்ன பெருமை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மருதமுனைக்காரி. கல்முனையில் ஒரு சின்னக் கணினி வகுப்பில் படிப்பிக்கிறேன். மிச்ச நேரத்தில், மருந்துக்கடைகளுக்காகப் பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்து கொடுக்கும் ஒரு மென்பொருளில் வேலை செய்து வந்தேன். திறந்த மூல மென்பொருள் என்பார்கள். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் வருகிற திருத்தத்தைப் பார்த்து, சரி என்று உள்ளே சேர்க்கும் உரிமை ஒரு சிறு குழுவுக்கு மட்டும்தான். எங்கள் திட்டத்தில் அந்தக் குழுவில் எட்டுப் பேர். ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. எழுத்தில்தான் பழக்கம்.

மருந்து கொடுக்கும் உறையில் ஒட்டுவதற்குத் தமிழில் லேபிள் அச்சடிக்கும் பகுதி முழுக்க என்னுடையது. "காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்" என்று பெரிய எழுத்தில் விழும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது பெரிய உதவி. மூன்று வருடமாக அதற்காக உழைத்தேன். வீட்டில் இதைச் சும்மா செய்கிற வேலை என்றுதான் சொல்வார்கள். என் கணவர் குற்றமாகச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் அவருக்கு வேறு சொல் வராது, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் என் பெயரைக் குழுவில் சேர்க்க முன்மொழிந்திருந்தார்கள். அது நடக்கும் விதமே ஒரு சோதனை. குழுவில் ஏற்கெனவே இருக்கும் ஒருவர், எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு கடிதம் எழுதுவார். இவர் இன்னின்ன வேலை செய்திருக்கிறார், இவரை நம்பலாம் என்று நினைக்கிறேன் என்று. அதன் பிறகு ஏழு நாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சம்மதம் என்றோ மறுப்பு என்றோ பதில் போடுவார்கள். குறைந்தது நான்கு சம்மதம் வேண்டும். ஒரே ஒருவர் காரணம் சொல்லி மறுத்தாலும் நின்றுவிடும். கேட்கக் கூடாது, யாரையும் பிடித்துப் பேசக் கூடாது. பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

என் பெயரை முன்மொழிந்தவர் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்த பெண். நல்ல வார்த்தைகள் எழுதியிருந்தார். நான்காம் நாள் காலையில் ஐந்து சம்மதம் விழுந்திருந்தது. நம்மட பக்கத்தில் இருந்து அப்படியொரு குழுவுக்குப் போன ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. வகுப்புக்குப் போகும் வழியில் அந்தப் பாமசியில் இறங்கினேன். ஒரு வருடத்துக்கு முன் அந்த முதலாளியிடம் பேசிப் பேசி இந்த மென்பொருளைப் போட வைத்தவள் நான்தான். அவரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

உள்ளே போனபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. பெரியநீலாவணையில் இருந்து வந்த ஒரு மீனவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு மருந்து உறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவிக்கு இதயத்துக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை. ஒரு மாதத்துக்கென்று கொடுத்தது பதினைந்து நாளில் முடிந்துவிட்டது, இன்னும் தாருங்கள் என்று வந்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண் கணக்குச் சரிவரவில்லையே என்று டொக்டர் எழுதிய துண்டையும் உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். துண்டில் கால் குளிசை. உறையில் அரைக் குளிசை.

மனைவி எப்படி இருக்கிறார் என்று முதலாளி கேட்டார். சாப்பாடு பிடிக்கவில்லையாம். எழும்பினால் தலை சுற்றுகிறதாம். நேற்றில் இருந்து எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறாளாம். அதைக் கேட்டதும் முதலாளியின் முகம் மாறிவிட்டது. அந்த மருந்து கூடினால் இதயத்தைப் பிடித்து நிறுத்தவும் கூடும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். பாண்டிருப்புப் பெண், என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவளாக இருக்கலாம். ஆறு வருடமாக அங்கே வேலை. நான் கால் என்றுதான் அடித்தேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் உயரவில்லை. முதலாளிக்கு அது ஏறவில்லை. ஒரு மனுசியின் உயிர் இது, கைபிழைத்தது என்று சொன்னால் நானும் மனிதன்தான், ஆனால் ஏன் மறைக்கிறாய் என்று கேட்டார். கடையில் நின்ற இன்னும் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர் என்னைக் கண்டார்.

"நல்ல நேரத்தில வந்தீங்க மிஸ். கம்பியூட்டர் தானா மாத்திப் போடுமா? நீங்களே சொல்லுங்க."

அந்த நொடியை நான் எத்தனையோ தரம் திரும்பி யோசித்திருக்கிறேன். அவர் கேட்டு முடிக்கும்போதே எண்ணைத் தமிழ்ச் சொல்லாக மாற்ற நான் எழுதிய பட்டியல் கண்முன் வந்தது. அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை. அதில் 'கால்' என்ற சொல்லை நான் எழுதியதாக ஞாபகமே இல்லை.

"சாதாரணமா அப்படி நடக்காது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பச்சைப் பொய் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அந்தப் பெண் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். முதலாளி அவளை இனி மெசினில் கை வைக்க வேண்டாம், உள்ளே போய் இரு என்றார்.

ஒரு போன் கோல் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். கடைக்குப் பக்கச் சுவரோடு நின்று போனில் என் நிரலைத் திறந்தேன். எல்லாரும் பார்க்கிற மாதிரித்தான் அது இருக்கும். யார், எப்போது, எந்த வரியை எழுதினார் என்று பக்கத்திலேயே பெயரும் இருக்கும். நான்கு மாதத்துக்கு முந்திய ஒரு திருத்தம். தசம எண்கள் கண்டபடி வந்தால் அழகான சொல்லாக மாற்ற முடியாது என்று, எந்த எண் வந்தாலும் கிட்டிய அரைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தேன். அரைக்குக் கீழே யார் குளிசையை வெட்டப் போகிறார்கள் என்ற நினைப்பு. கால் என்று அடித்தால் அரையாகும். முக்கால் ஒன்றாகும். குழுவில் இரண்டு பேர் பார்த்துச் சரி என்று சேர்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்னை நம்பிச் சேர்த்தார்கள்.

போனை மூடப் போனபோது வாக்குப் பக்கம் கண்ணில் பட்டது. ஐந்து சம்மதம். இன்னும் மூன்று நாள்.

நான் நினைத்ததை அப்படியே சொல்கிறேன். இதை இரவைக்கு நானே சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். மூன்று நாள் போகட்டும், பிறகு சொல்லலாம் என்றும் நினைத்தேன். பாமசியில் ஏதாவது காரணம் சொல்லலாம், பழைய பதிப்பு, பிரிண்டர் கோளாறு என்று. முதலாளிக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பெண்ணைப் பற்றி நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். ஆனால் கடைசியில்தான் நினைத்தேன்.

அப்போது அந்த மீனவர் வெளியே வந்தார். நானும் கடையைச் சேர்ந்த ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். உறையை என்னிடம் நீட்டினார்.

"மகள், பின்னேரம் இந்தக் குளிசையக் குடுக்கிறதா, நிப்பாட்டுறதா? ஆரும் ஒண்டும் சொல்றாங்க இல்ல."

அவருக்குக் கோபமே இல்லை. அந்த மனிதருக்கு யார் பிழை விட்டது என்பது பற்றி ஒரு கவலையும் இல்லை. பின்னேரம் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; அவர் பிழைக்கு ஆள் தேடிக்கொண்டு நின்றார், நான் ஒளிந்துகொண்டு நின்றேன். கொடுக்க வேண்டாம், இப்போதே மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இந்த உறையையும் துண்டையும் டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்.

நான் உள்ளே போனேன். முதலாளி, அந்தப் பெண், கடையில் நின்றவர்கள், எல்லாரும் கேட்கச் சொன்னேன்.

"பிழை அவங்கட இல்ல. நான் எழுதினதுலதான் பிழை. கால் எண்டு அடிச்சா அரை எண்டு விழுது."

முதலாளி ஏசுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் பிரிண்டரின் வயரைக் கழற்றினார். பிறகு, நாலு மாதமாக இப்படிக் கால் குளிசை எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று எடுத்துத் தரச் சொன்னார். கணினியில் அடித்த எண் சரியாகவே பதிவாகியிருந்தது. லேபிளில் மட்டும்தான் மாறியது. தேடினேன். முக்கால் யாருக்கும் இல்லை. கால் அந்த மீனவரின் மனைவியோடு சேர்த்து ஒன்பது பேருக்கு.

பாதிப் பேர் பின்னேரத்தில், இல்லாவிட்டால் இரவுச் சாப்பாட்டோடு குடிப்பவர்கள். அதற்குள் எல்லாரையும் பிடிக்க வேண்டும். முதலாளி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு பேர் அகப்பட்டார்கள். மற்ற நாலு பேரின் இலக்கம் வேலை செய்யவில்லை, அல்லது எடுக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு, கடைசி ஆள் தூரத்தில், தம்பிலுவில்லில். முதலாளி தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். மருந்து பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணையும் என்னோடு போகச் சொன்னார். சற்று முன்பு உள்ளே போய் இரு என்று சொன்ன அதே பெண்ணை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஓட்டோ வரும்வரை கவுண்டரில் நின்றபடியே திட்டத்தின் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். தமிழ் லேபிளை வேறு ஊர்களில் சில கிளினிக்குகளிலும் பாவிக்கிறார்கள். அவர்களும் நிறுத்த வேண்டும். அவசரத்தில் முதல் வரியை, "தமிழ் லேபிளில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது" என்ற மாதிரி எழுதியிருந்தேன். அனுப்பும் முன் வாசித்தபோது அந்த வரியில் ஆளே இல்லை என்று கண்டேன். பிழை தானாக வந்து தானாக அகப்பட்டது போல இருந்தது. அழித்துவிட்டு, நான் எழுதிய வரி, நான் விட்ட பிழை, ஒரு நோயாளி இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறார், எல்லா இடத்திலும் உடனே நிறுத்துங்கள் என்று எழுதினேன். கடைசியில் என் பெயரின் முன்மொழிவை நிறுத்திவிடுங்கள் என்றும் சேர்த்தேன். அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கத் துணிவு இல்லை.

முதலில் வடக்கே மருதமுனைக்குப் போனோம். எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. மகள்தான் உம்மாவுக்கு மருந்து கொடுப்பவள். டொக்டர் வாயால் கால் என்று சொன்னார், அதனால் நான் உறையை வாசிக்கவே இல்லை என்றாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பாண்டிருப்பில் அப்படி இல்லை. அங்கே ஒரு பெண் அரைதான் குடித்திருந்தாள். இரண்டு கிழமையாகச் சாப்பிட்டதெல்லாம் சத்தி, ஏதோ வயிற்றுக் கோளாறு என்று வீட்டு மருந்து செய்துகொண்டிருந்தாள். என்னோடு வந்தவள் அவளுடைய நாடியைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல், இன்னொரு ஓட்டோ பிடித்து இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி, கையோடு ஏற்றியும் விட்டாள். நான் வாசலில் நின்றேன். எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

காரைதீவு ஆளைத் தேடி வயலுக்குப் போக வேண்டியிருந்தது. வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. வரம்பில் நின்றபடியே விசயத்தைக் கேட்டுவிட்டு, சுகமாக இருக்கு என்று அந்தக் குளிசையை விட்டே ஒரு மாதம், டொக்டரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். மருந்தை நினைத்தபடி விடக் கூடாது என்று என்னோடு வந்தவள் அவருக்கு நல்லாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

காரைதீவைத் தாண்டிய பிறகு நீண்ட ஓட்டம். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. இவ்வளவு நேரமும் நாங்கள் இருவரும் வீடு, பாதை, மருந்து தவிர வேறு கதைக்கவில்லை. தம்பிலுவில் ஆளின் இலக்கத்துக்கு அவள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு வந்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் போனை மடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க நடக்காது எண்டு சொல்லக்குள்ள உங்கட முகத்தத்தான் பார்த்துக்கொண்டு நிண்டன் மிஸ். உங்களுக்கு அப்பவே விளங்கிட்டு."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? பிறகு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்று நான் காத்திருந்தேன் என்பதுதான் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தம்பிலுவில் வீட்டுக் கேற் பூட்டிக் கிடந்தது. வாசலில் பேப்பர் அப்படியே கிடந்தது. அந்த ஆள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தனியாக இருப்பவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். போன கிழமை குளியலறையில் விழுந்துவிட்டார், தூக்கிக்கொண்டு போனார்கள் என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. என்னோடு வந்தவள்தான் என் தோளைத் தொட்டு, உயிரோடு இருக்கிறார், தம்பி வீட்டில் இருக்கிறார், அடுத்த தெரு என்று சொன்னாள்.

அந்த வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையில் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கூடிவிட்டது என்று கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்களாம். நாங்கள் வந்த காரணத்தைச் சொல்லும் முன்பே தம்பி சொல்லத் தொடங்கினார். அக்கா இப்போதெல்லாம் எதையும் சரியாக வாசிப்பதில்லை, டொக்டர் கால் என்று எழுத இவ அரை அரையாகக் குடித்திருக்கிறா, இனித் தனியாக விட முடியாது, வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறோம் என்று. ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிழமையாக அந்த வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு அவரும் நம்பத் தொடங்கியிருப்பார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உறையிலேயே அரை என்றுதான் இருந்தது, அது என் பிழை என்று. தம்பியார் எழுந்து போய் உறையை எடுத்து வந்து பார்த்தார். பிறகு என்னை ஏசினார். ஏச வேண்டிய ஏச்சுத்தான். ஆனால் அந்த ஆசிரியை அதைக் கவனிக்கவே இல்லை. உறையைக் கையில் வாங்கி, லேபிளைத் தன் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"அப்ப நான் பிழையா வாசிக்கல்ல. என்ன?"

இல்லை ரீச்சர் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டார். நாங்கள் குடிக்கவில்லை, அந்த வீட்டில் இருந்து குடிக்க எனக்கு முடியவில்லை.

திரும்பி வரும்போது முதலாளி போன் எடுத்தார். மீனவரின் மனைவியை வார்டில் வைத்திருக்கிறார்கள், நாடி குறைந்திருந்தது, இப்போது பயமில்லை என்றார். பாண்டிருப்பில் நாங்கள் ஓட்டோவில் ஏற்றி அனுப்பிய பெண்ணும் அங்கேதான். இரண்டு பேரும் சில நாட்களில் வீட்டுக்கு வந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். நான் காப்பாற்றியதாக ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகுதான் போனில் குழுவின் பக்கத்தைத் திறந்தேன். என் கடிதம் போய்ச் சிறிது நேரத்திலேயே அந்தப் பதிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். தமிழ் லேபிள் பாவிக்கும் ஒவ்வோர் இடத்தையும் பிரித்துக்கொண்டு அறிவித்திருந்தார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. என் நேர்மையைப் பாராட்டி இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சம்மதம் சொன்ன ஐவரும், இதற்காக முன்மொழிவை நிறுத்தத் தேவையில்லை, எங்கள் சம்மதம் சம்மதம்தான் என்றார்கள்.

ஆறாம் நாள் மறுப்பு வந்தது. குழுவில் மிகக் குறைவாகக் கதைக்கும் ஒருவர். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நாங்கள் வாசிக்கத் தெரியாத ஒன்றைச் சரி என்று சேர்த்தோம், அந்தக் குற்றம் எங்களுடையது. இப்போது இவரைக் குழுவில் எடுத்தால், தமிழ்ப் பகுதியை எழுதுபவரும் இவர், சரி பார்ப்பவரும் இவர் என்றாகிவிடும். இன்னொரு தமிழ்க் கண் கிடைக்கும்வரை என் பதில் மறுப்பு. கிடைத்த பிறகு நானே இவரை முன்மொழிவேன்.

வாசித்தபோது அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தால், ஆறு பதிலிலும் எனக்கு உண்மையாக உதவியது அந்த ஒன்றுதான்.

அந்தத் தமிழ்க் கண்ணை நான் எங்கே தேடினேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். ஒரு கிழமை கழித்துப் பாமசிக்குப் போனேன். புதிய லேபிளைத் திரும்பப் போடும் முன் நீங்கள் பார்க்க வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தரம் போன பிறகுதான் சரி என்றாள். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் டொக்டர்மார் எப்படியெல்லாம் எழுதுவார்கள், சனங்கள் எதை எப்படி விளங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்த அளவு எங்கள் திட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. 'கால்' என்று மட்டும் போட்டால் சிலர் அதைக் காலுக்கு மருந்து என்று நினைப்பார்கள், நாலு துண்டாக வெட்டிய குளிசையின் படத்தையும் போடுங்கள் என்று சொன்னவள் அவள்தான். எனக்கு அது தோன்றியே இருக்காது. ஒவ்வொரு திருத்தத்தையும் அவள் அச்சடித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அனுப்பினேன். அடுத்த வருடம், சொன்ன சொல் மாறாமல், மறுத்தவரே என்னை முன்மொழிந்தார். யாரும் மறுக்கவில்லை.

குழுவில் சேர்ந்து நான் செய்த முதல் வேலை, அவளை முன்மொழிந்து கடிதம் எழுதியது. ஒரு வரி நிரல்கூட எழுதாதவரைக் குழுவில் எடுத்த வழக்கம் எங்களிடம் இல்லை. சிலர் கேள்வி கேட்பார்கள் என்று தெரியும். அவள் கண்டுபிடித்த பிழைகளை எழுதினேன். அன்று பாண்டிருப்பில் நாடி பிடித்ததை எழுதினேன். அதற்குப் பிறகு, அதுவரை குழுவில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றையும் எழுதினேன். என் நேர்மையைப் பாராட்டி நீங்கள் எழுதினீர்கள்; ஆனால் கடையில் உண்மையைச் சொல்வதற்குப் பத்து நிமிஷம் முன்பு இந்தப் பெண் எல்லார் முன்னாலும் குற்றவாளியாக நின்றபோது, "சாதாரணமாக அப்படி நடக்காது" என்று சொன்னவளும் நான்தான். கால் என்றுதான் அடித்தேன் என்று அவள் சொன்னதுதான் அன்று அந்தக் கடையில் பேசப்பட்ட முதல் உண்மை.

அனுப்பும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"அந்த வசனத்த நீங்க போட்டிருக்கத் தேவல்ல மிஸ்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும். எடுக்க வேணாம்" என்றாள்.

ஏழு நாளும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். என் பெயர் இருந்தபோதுகூட அவ்வளவு பதறியதில்லை. இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களே பிறகு சம்மதம் சொன்னார்கள். இன்றைக்கு அவளுடைய பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் தமிழில் ஒரு லேபிளும் வெளியே போகாது.

இப்போது யாரையாவது குழுவுக்கு முன்மொழிந்தால் நானும் வாக்களிக்க வேண்டும். அவர்கள் எத்தனை வேலை செய்தார்கள் என்ற பட்டியலை எல்லாரையும் போல நானும் வாசிக்கிறேன். ஆனால் சம்மதம் என்று எழுதும் முன், தன் பிழைக்காக இன்னொருவர் தலை குனிந்து நிற்கும்போது இந்த மனிதர் எத்தனை நிமிஷம் பொறுத்திருப்பார் என்று ஒரு தரம் யோசிக்கிறேன். எனக்குப் பத்து நிமிஷம் எடுத்தது, அதையும் ஒரு முன்பின் தெரியாத மனிதர் வந்து கேட்டுத்தான் முடித்துவைத்தார்.